டிஎல்-எம்ஆர்6400: சிம் ரவுட்டரும் "தம்பிக்கு உதெல்லாம் தெரியும்" என்ற நம்பிக்கையும்

டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-எம்ஆர்6400, சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர். திருகோணமலையில் ஃபைபர் வயர் இன்னும் எட்டாத ஒழுங்கைகளிலும், வாடகை வீடுகளிலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சிறு விடுதிகளிலும் இணையம் முழுவதையும் சுமப்பது இந்த வகைப் பெட்டிதான். வாங்கிக்கொண்டு போனதும் அதைப் பூட்டும் வேலை வீட்டின் இளைய ஆளிடம் போகும். "தம்பிக்கு உதெல்லாம் தெரியும்" என்று அம்மா சொல்லுவார். தம்பியும் ஐந்து நிமிடத்தில் வைஃபையை எடுத்துக் காட்டிவிடுவான். அதோடு பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது போதுமான, நம்பகமான கருவி. ஆனால் இதன் உள்பக்கத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கும். போனில் விரல் பறக்கும் பிள்ளைகள் பலரிடம் அந்தப் பழக்கம் இல்லை. அது அவர்களுடைய குற்றம் என்று நாங்கள் நினைக்கவில்லை. கையிலுள்ள போன், உள்ளே நடப்பதை மறைக்கும்படியாகவே செய்யப்பட்டிருக்கிறது. பத்து வருடம் அதைப் பாவித்தாலும் அது தானாக ஒன்றையும் கற்றுக்கொடுக்காது.

பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

ரவுட்டர், கழற்றிப் பூட்டக்கூடிய இரண்டு 4ஜி அன்டெனா, அடாப்டர், ஒரு நெட்வேர்க் கேபிள். பின்னால் நான்கு கேபிள் துளை, எல்லாம் 100 எம்பிபிஎஸ் வகை. அவற்றில் ஒன்றை வெளி இணைப்பு உள்ளே வரும் வழியாக மாற்றலாம். நாளைக்கு ஃபைபர் வந்தால் அந்த மோடத்திலிருந்து கேபிளை இதில் கொடுத்து ஓடவிடலாம், பெட்டி வீணாகாது. 4ஜி பகுதி கேட் 4 வகை: இறக்கம் 150, ஏற்றம் 50 எம்பிபிஎஸ் வரை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இது சரிவராது. லேண்ட்லைன் போன் பூட்டும் துளையும் இல்லை.

வெளியே தெரியும் இரண்டு அன்டெனாவும் 4ஜிக்கு உரியவை. வைஃபை அன்டெனா உள்ளே இருக்கிறது. பின் அறையில் வைஃபை குறைகிறது என்று வெளி அன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் நிறைய. அது 4ஜி கோபுரத்தோடு பேசும் பக்கம். பின் அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"வைஃபை இல்லை" என்ற ஒரே வசனம்

ரவுட்டர் பழுது என்று கடைக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. காசு முடிந்தாலும், கோபுரம் செத்தாலும், டிஎன்எஸ் (இணையத்தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவை) குழம்பினாலும், பாஸ்வேர்ட் பிழைத்தாலும் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "வைஃபை இல்லை." சில வேளை, "ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா ஒண்டும் ஓடுதில்லை."

இந்தப் பெட்டிக்குள் இரண்டு ரேடியோ இருக்கின்றன. ஒன்று கோபுரத்தோடு பேசுகிறது, மற்றது போனோடு பேசுகிறது. போனின் மூலையில் தெரியும் விசிறிக் குறி இரண்டாவதை மட்டுமே காட்டும். போனும் ரவுட்டரும் ஒரே மேசையில் இருந்தால் குறி நிறைந்துதான் இருக்கும். கோபுரம் இருக்கிறதா, சிம்மில் டேட்டா இருக்கிறதா என்பது அந்தக் குறிக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீரும்.

சோதிக்கும் வரிசை இது. முதலில் போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். ரவுட்டரின் பக்கம் வந்தால் வைஃபையில் குறை இல்லை. வராவிட்டால் வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பின் விபரத்தைத் திறந்து போனுக்குக் கிடைத்த ஐபி முகவரியைப் பாருங்கள். சாதாரணமாக அது 192.168.1 என்று தொடங்கும். கணினியில் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம், பெட்டியை அணைத்துப் போட வேண்டும்.

இரண்டாவது, கணினியின் கட்டளைச் சாளரத்திலோ போனில் ஒரு பிங் செயலியிலோ 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் விடுங்கள், அதாவது ஒரு சின்னச் சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் இணையம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வராவிட்டால் தேட வேண்டிய இடம் சிம், டேட்டா மீதி, ஏபிஎன் (சிம் இணையத்துக்குள் போகும் வாசலின் பெயர்), கோபுரச் சிக்னல்.

மூன்றாவது, அதே பிங்கை ஏதாவதொரு இணையத்தளத்தின் பெயருக்கு விடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் அது டிஎன்எஸ் கோளாறு. ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் பகுதி) டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டுச் சேமித்து, போனின் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும். வீட்டில் ஒரு போனில் மட்டும் இந்தக் கோளாறு என்றால் அந்தப் போனின் "பிரைவேட் டிஎன்எஸ்" செட்டிங்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் அது இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொன்ன முகவரியை அதில் போட்டுவிட்டு மறந்துபோவது இளையவர்களிடம் சாதாரணம். அந்தச் சேர்வர் நின்றால் போனுக்கு இணையமே இல்லாமல் போகும், ரவுட்டர்மேல் பழி விழும்.

ஏ/எல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் ஐபி முகவரி, உபவலையமைப்பு, டிஎச்சிபி, டிஎன்எஸ் எல்லாம் இருக்கின்றன. தாளில் உபவலையமைப்புக் கணக்கைப் பிழையில்லாமல் செய்யும் பிள்ளை, அதே டிஎச்சிபி தன் வீட்டு அலுமாரிக்கு மேல் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதை அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் மனதாரக் கேட்கிறோம்: ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தை ஒரு நாள் வகுப்பில் திறந்து காட்டுங்கள். எந்தப் போனுக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் கண்முன்னே வரும்போது அந்த அத்தியாயம் முழுவதற்கும் உயிர் வந்துவிடும்.

வேகம்

"ஸ்பீட் டெஸ்டில 24 காட்டுது, டவுன்லோட் போட்டா 3தான் வருது, ஏமாத்துறாங்கள்." இதை அடிக்கடி கேட்கலாம். ஸ்பீட் டெஸ்ட் காட்டுவது வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று. டவுன்லோட் காட்டுவது எத்தனை மெகாபைட் என்று. ஒரு பைட்டுக்கு 8 பிட். 24ஐ 8ஆல் பிரித்தால் 3. இரண்டும் ஒரே வேகம்தான், ஒருவரும் ஏமாற்றவில்லை. பெட்டியில் அச்சிட்ட 150ம் அப்படித்தான்: முழுதாகக் கிடைத்தாலும் வினாடிக்கு 18.75 எம்பி. முழுதாகக் கிடைக்கவும் மாட்டாது, ஏனென்றால் கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதியிலுள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாலை 7 மணிக்குப் பிறகு வேகம் விழுந்து விடிய எழும்புவதற்குக் காரணம் இதுதான். ரவுட்டரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

எங்கே வைப்பது

சிக்னலைக் கோடுகளில் பார்க்காதீர்கள், எண்ணில் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் "-98 டிபிஎம்" போல ஒரு எண் வரும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் பண்ணினால் அளவீட்டுப் பக்கம் திறக்கும். கழித்தல் குறி இருப்பதால் -80 என்பது -110ஐ விட நல்லது. -85க்கு மேலே என்றால் மிக நன்று. -95 முதல் -105 வரை வேலை செய்யும். -115க்குக் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தியில் பத்து மடங்கு, ஆகவே ஜன்னலோரத்துக்கு நகர்த்திப் பத்து மீட்பது சின்ன விஷயமல்ல.

ரவுட்டருக்குப் போடப்போகும் நிறுவனத்தின் சிம் உள்ள போனோடு வீட்டைச் சுற்றி நடந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: கையடக்கச் சிம் பெரும்பாலும் 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வீட்டு இணையத்துக்கென்று தரும் சிம் 2300இல் ஓடக்கூடும், அது சுவரைத் துளைப்பதில் இன்னும் பலவீனம். போனின் எண் வழிகாட்டி மட்டுமே. கடைசியாக ரவுட்டரை அந்த இடத்தில் வைத்து, காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யுங்கள்.

உவர்மலைச் சரிவில் இருக்கும் வீடுகளுக்கு மேடே மறைப்பு. ஒரே ஒழுங்கையில் மேல்வீட்டுக்குக் கிடைப்பது கீழ்வீட்டுக்குக் கிடைக்காது. தகரக் கூரை வீடுகளில் ரவுட்டரைக் கூரைக்குக் கிட்ட ஏற்றி வைப்பதால் பயனில்லை, தகரம் ரேடியோவைத் திருப்பி அடித்துவிடும். அங்கே கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னல்தான் சரியான இடம். ஃபிரிட்ஜுக்கு மேல், இரும்பு அலுமாரிக்குப் பின்னால், தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்க வேண்டாம். நகருக்குள், மத்திய வீதி, ஏகாம்பரம் வீதி போன்ற நெருக்கமான இடங்களில் பக்கத்துக் கடைகளின் வைஃபைகளே இடைஞ்சல். சனல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. ஒரு வைஃபை அனலைசர் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்த ஒன்றைத் தெரிவு செய்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். எல்லாரும் 1இலும் 6இலும் இருக்கிறார்கள் என்று 3ஐப் போட்டால் இரண்டு பக்கத்து இடைஞ்சலும் சேர்ந்து வரும்.

வெளி அன்டெனா வாங்க யோசிப்பவர்கள் வயரைக் கணக்கில் எடுங்கள். மெல்லிய ஆர்ஜி58 வயர் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 டெசிபல் தின்னும். 10 மீட்டர் ஓட்டினால் 7 டெசிபல் போய்விடும், அன்டெனாவால் கிடைத்த இலாபம் வயரிலேயே கரைந்துவிடும். வயர் நீளம் குறைந்ததாகவோ தடிப்பானதாகவோ இருக்க வேண்டும், இரண்டு துளைக்கும் இரண்டு வயர் போக வேண்டும். கடற்காற்று வீசும் வீடுகளில் வெளி மூட்டுகள் பச்சை பிடிக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் மூட்டை முழுதாகச் சுற்றாவிட்டால் ஒரு மாரி தாங்குவது கடினம்.

டேட்டா எங்கே போகிறது

இதுதான் வீடுகளில் சண்டை மூட்டும் விஷயம். மாதம் முடிய முன்னமே டேட்டா முடிந்துவிடும், "நான் ஒண்டும் பாக்கேல்ல" என்று பிள்ளை சொல்லும். பல வேளை பிள்ளை சொல்வது உண்மை.

போனைச் செய்தவர்கள் வைஃபை என்றால் அளவில்லாத இணைப்பு என்று எண்ணிச் செய்திருக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் அடக்கமாக இருக்கும் போன், வைஃபை கிடைத்ததும் கட்டை அவிழ்த்துவிடும். வாட்ஸ்அப் தொடக்க நிலையில் மொபைல் டேட்டாவில் படங்களை மட்டும் தானாக இறக்கும், வைஃபையில் வீடியோ, ஓடியோ, கோப்பு எல்லாவற்றையும் இறக்கும். கூகுள் ஃபோட்டோஸ் தன் பேக்கப்பை வைஃபைக்காகக் காத்திருந்து ஏற்றும். பிளே ஸ்டோர் செயலிகளைப் புதுப்பிப்பதும் அப்படியே. விண்டோஸ் கணினி பெரிய அப்டேட்டை ஓசையில்லாமல் இழுக்கும். ஆனால் இந்த வீட்டு வைஃபைக்குப் பின்னால் இருப்பதும் ஒரு சிம்தானே. போனுக்கு அது தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும் வழி எளிது. ஆண்ட்ராய்டில் வைஃபை இணைப்பின் விபரத்துக்குள் போய் அதை "மீட்டர்ட்" (டேட்டாவுக்கு அளவுள்ள இணைப்பு) என்று மாற்றுங்கள். ஐபோனில் அதே இடத்தில் "லோ டேட்டா மோட்" இருக்கிறது. விண்டோஸில் இணைப்பின் பண்புகளில் "மீட்டர்ட் கனெக்‌ஷன்" என்பதைப் போடுங்கள். ஒவ்வொரு போனிலும் கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ரவுட்டரில் ஒரு தடவை போட்டு எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. பிறகு வாட்ஸ்அப்பில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதியில் வைஃபைக்கான தானியங்கி இறக்கத்தைப் படம் மட்டும் என்று குறையுங்கள்.

வீடியோவின் கணக்கையும் பிள்ளைகளோடு இருந்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 2.5 மெகாபிட் ஓடும் வீடியோ ஒரு மணிநேரத்தில் 1.1 ஜிபி எடுக்கும். 2.5ஐ 3600ஆல் பெருக்கி 8ஆல் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். தரத்தைக் கூட்டி 5 மெகாபிட் ஆக்கினால் 2.25 ஜிபி. சின்னப் போன் திரையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளைக்குப் பிறகு யாரும் "குறைச்சுப் பார்" என்று சொல்ல வேண்டியதில்லை.

ரவுட்டரின் பக்கத்தில் மாத எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்த பக்கேஜ்களின் கணக்கு அதற்குப் புரியாது. நிறுவனத்தின் மீதிச் செய்திகள் ரவுட்டருக்குள் இருக்கும் சிம்முக்கே வரும், அவற்றை வாசிக்க எஸ்எம்எஸ் என்ற பக்கம் உண்டு. அதைத் திறந்து பார்த்த வீடுகள் மிகக் குறைவு.

பாஸ்வேர்ட் இரண்டு

வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் வேறு. முதலாவது வீட்டுக்குள் வர, இரண்டாவது வீட்டை மாற்றிக் கட்ட. பழைய பதிப்புகள் இரண்டாவதற்கு "அட்மின்" என்ற பொதுச் சொல்லோடு வரும், புதியவை முதல் தடவையே சொந்தமாக ஒன்றை வைக்கச் சொல்லும். அதை வைஃபை பாஸ்வேர்டாகவே வைத்துவிட்டால் வைஃபை வாங்கிப்போன விருந்தினர் எவரும் உங்கள் டிஎன்எஸ்ஸை மாற்றலாம், வங்கிப் பக்கம் என்று வேறொரு பக்கத்துக்கு அனுப்பலாம்.

நண்பர்களுக்குக் கியூஆர் படம் அனுப்பி வைஃபை கொடுப்பது இளையவர்களின் வழக்கம். பாஸ்வேர்டைச் சொல்லவில்லைத்தானே என்று நினைக்கிறார்கள். அந்தப் படத்துக்குள் பாஸ்வேர்ட் மறைப்பே இல்லாமல் எழுத்து எழுத்தாக இருக்கிறது. குழுவில் போட்டால் குழு முழுவதற்கும் சொன்னதுதான். வருபவர்களுக்கு விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து கொடுங்கள், பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் போனை இரவில் தடுக்க ரவுட்டர் பார்ப்பது அந்தப் போனின் மாக் முகவரியை, அதாவது வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண்ணை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மை முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வைஃபை விபரத்தில் ஒரு தட்டு தட்டினால் முகவரி மாறும், தடையும் போய்விடும். இதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் பலருக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்குத் தடையே தேவையில்லாமல் இருக்கலாம்.

டிபி-லிங்கின் டெதர் செயலி பூட்டுவதற்கு இலகு. ஆனால் நாங்கள் பிரவுசர் பக்கத்தையே விரும்புகிறோம். முகவரிப் பட்டியல், டிஎன்எஸ், சனல் எல்லாம் அங்கேதான் முழுதாகத் தெரியும்.

கரண்ட் போனால்

மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரின் லேபிளை வாசியுங்கள். 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு, 12 வோல்ட் ரவுட்டரும் உண்டு, இரண்டிலும் அடாப்டர் செருகும் முனை பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 9இன் இடத்தில் 12ஐக் கொடுத்தால் பெட்டி எரியலாம். யுபிஎஸ்ஸின் மேல் போட்ட 8800 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு: பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட்-மணி. மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால், 6 வாட் எடுக்கும் ரவுட்டர் நாலு மணிநேரம் ஓடும். நீண்ட நேரம் கரண்ட் போனால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், அப்போது யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. இடி முழங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அடாப்டரையும் வெளி அன்டெனா வயரையும் கழற்றி வையுங்கள்.

வாங்க முன்

நிறுவனங்கள் இணைப்போடு தரும் பெட்டிகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சிம்முக்கே பூட்டப்பட்டவை. இது திறந்த பெட்டி என்று கடையில் வேறு சிம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்க லேபிளில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 என்ற எண்ணுக்கு, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணை அனுப்பிச் சரிபார்க்கலாம். நானோ சிம்மை, அளவைப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துப் போடும்போது சட்டம் தளர்வாக இருந்தால் உள் ஊசிகள் வளையும். அதே லேபிளில் பதிப்பு எண்ணும் இருக்கும். மென்பொருள் புதுப்பிக்கும் கோப்பு அந்தப் பதிப்புக்கே உரியதாக இருக்க வேண்டும், புதுப்பிக்கும்போது கரண்டை நிறுத்தக் கூடாது. சில பதிப்புகளில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் ரீசெட்டுக்கும் ஒரே பொத்தான், நீண்ட நேரம் அழுத்தினால் செய்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். பெட்டி அலுமாரிக்கு மேல் ஏற முன்னமே லேபிளை ஒரு படம் எடுத்து, ஏபிஎன்னையும் நிர்வாகப் பாஸ்வேர்டையும் ஒரு கொப்பியில் எழுதி, அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.